தினமும் வேதாகமம் வாசிக்கிறேன், எதுவும் மனதில் நிற்பதில்லை. எப்படிப் படித்தால் பலன் இருக்கும்?

முதலில் 'இன்றைக்கு எத்தனை அதிகாரம்' என்ற கணக்கை விட்டுவிடுங்கள். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நினைத்தால் தினமும் மூன்று, நான்கு என்று ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் ஜனவரி முடிவதற்குள்ளேயே லேவியராகமத்தின் பலி முறைகளுக்கு வந்துவிடுவீர்கள். பலருடைய வாசிப்பு அங்கேதான் படுத்துவிடுகிறது. பக்தி குறைவு என்று இதற்கு யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வசனம் சொல்பவர், அதை யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்க எளிது, செய்து பாருங்கள்!

யோபு 8:7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு அழைப்பிதழிலும் காலண்டரிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். சொன்னவர் யோபுவின் நண்பர் பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதரிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் இப்படி என்ற தொனியில் பேசிவிட்டு, இரண்டு மூன்று வசனம் தள்ளி இதைச் சொல்கிறார். 42-ஆம் அதிகாரத்துக்குப் போனால், பில்தாத் உள்ளிட்ட அந்த மூன்று நண்பர்களும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபப்படுகிறார். யோபுவுக்கு இழந்தது இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைத்தது உண்மைதான், ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி அல்ல. (காலண்டரைக் கழற்றச் சொல்லவில்லை, மாட்டியிருக்கட்டும்.)

இந்தப் பழக்கம் வர, ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை; புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் வந்தவை. பவுலின் நிருபங்கள் சபையில் உரக்க வாசிக்கப்பட்டவை, கொலோசெயர் 4:16-இல் அவரே அப்படிச் சொல்கிறார். வந்த கடிதத்தை நாளுக்கு ஒரு பத்தியாக யாரும் படிப்பதில்லையே. யோனா 48 வசனம்தான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மாற்கு 16 அதிகாரம். ஐப்பசி மழையில் கரண்ட் போன ஒரு மாலை போதும்.

அப்புறம், இடம். இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். எருசலேம் கடல் மட்டத்துக்குச் சுமார் 750 மீட்டர் மேலே இருக்கிறது. எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே. கள்ளர்கள் அடித்துப் போட்டவனைப் பார்த்தும் ஒரு ஆசாரியன் விலகிப் போகிறானே, அந்த நல்ல சமாரியன் கதை நடப்பது இந்த இறக்கத்தில். இதைச் சொன்னதும், தேயிலை பறிக்கப் போகும் ஒரு அக்கா, "நம்ம மேட்டுப்பாளையம் ரோடு மாதிரியா? வளைவுல ஒளிஞ்சு நின்னா யாருக்குத் தெரியும்? அந்த ஆசாரியரும் பயந்துதான் போயிருப்பாரு" என்றார். லூக்கா 10-இல் ஆசாரியன் ஏன் விலகிப் போனான் என்று எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் யாரும் அவனைச் சுலபமாகத் திட்டுவதில்லை. வேதாகமத்தின் கடைசியில் வரைபடங்கள் இருந்தால் அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995-இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. விளக்கவுரையைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் நீங்கள் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

புரியாததை ஒரு நோட்டில் எழுதி ஆயரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மட்டும் வேண்டாம், வாசலில் நூறு பேர் அவரைச் சூழ்ந்திருப்பார்கள். வாரநாளில் போனால் உட்கார்ந்து பேசுவார்.