சிடுமூஞ்சி மேரியும் பூட்டிய தோட்டமும்: கேள்வி பதில்

பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1911இல் எழுதிய ‘தி சீக்ரெட் கார்டன்’ பற்றிப் பலர் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

நாவலை நான் படித்ததில்லை. கதை என்ன? (ஒரு வாசகர்)

மேரி இந்தியாவில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி. காலராவில் பெற்றோர் இறந்துவிட, இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் இருக்கும் மாமாவின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள். மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை இறந்ததும் அவளுடைய தோட்டத்தை அவர் பூட்டிச் சாவியைப் புதைத்துவிட்டார். பத்து வருஷம் ஆகிறது. சாவி மேரிக்குக் கிடைக்கிறது. மாளிகையின் ஓர் அறைக்குள் அத்தை மகன் காலின் நோயாளியாகப் படுத்தே கிடக்கிறான்.

தனியாக இருக்கும் குழந்தை என்றால் நமக்குப் பாவமாக இருக்க வேண்டாமா? மேரியைக் கண்டாலே எரிச்சல் வருகிறதே! (ஓர் ஆசிரியை)

வரத்தான் வேண்டும் டீச்சர். அவள் ஆயாவை அறைகிறாள், யாரைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிக்கிறாள். யாரும் சீந்தாத குழந்தை பல சமயம் அப்படித்தான் இருக்கும். அழுதுகொண்டு மூலையில் உட்காராது, கடித்துக் குதறும். கிழத் தோட்டக்காரர் பென் தன் ராபின் குருவியின் கதையைச் சொல்வார்: கூட்டிலிருந்து பறந்த குஞ்சு, திரும்பி வந்தபோது கூடப் பிறந்தவை போய்விட்டன, அது தனியாகிவிட்டது. உடனே மேரி அந்தக் குருவியின் அருகே போய், ‘நானும் தனிதான்’ என்கிறாள். தன் சிடுசிடுப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பது அதுவரை அவளுக்கே தெரியாது. அந்த இடத்துக்கு அப்புறம் எனக்கு அவள்மேல் கோபமே வந்ததில்லை.

மேரியும் காலினும் எப்படி நண்பர்களாகிறார்கள்? (ஏழாம் வகுப்பு மாணவி)

சண்டை போட்டுத்தான், கண்ணு! காலினுக்குத் தன் முதுகில் கூன் விழப்போகிறது, தான் செத்துவிடுவேன் என்று பயம். ஒரு ராத்திரி வீடே அலறும்படி கத்துகிறான். பெரியவர்கள் எல்லாம் கைகட்டி நிற்க, மேரி ஓடிப்போய் அவனைவிட உரக்கக் கத்துகிறாள். நர்ஸை விட்டு அவன் சட்டையைத் தூக்கச் சொல்லி, எலும்பு எலும்பாகப் பார்த்து, ‘குண்டூசி முனை அளவுகூட வீக்கம் இல்லை’ என்கிறாள். அதுவரை யாரும் அவனை எதிர்த்துப் பேசியதில்லை. அவன் பிடிவாதம் அவளுக்குப் புரிந்தது, அவளும் அதே ரகம் என்பதால்.

எட்டு வயது மகளுக்குக் கொடுக்கலாமா? (ஓர் அம்மா)

மூல நூல் கொஞ்சம் கடினம். யார்க்‌ஷயர் பேச்சுமொழி நிறைய வரும். சுருக்கப் பதிப்பு சரி. இந்தியர்களைத் தாழ்த்திப் பேசும் வரிகளும் உண்டு. மறைக்காதீர்கள் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

முடிவு சொதப்பல்தானே? (ஒரு கல்லூரி மாணவர்)

பாதி ஒத்துக்கொள்கிறேன் தம்பி. கடைசிப் பகுதியில் காலின் கதையின் மையத்தைப் பிடித்துக்கொள்கிறான், மேரி ஓரமாகப் போய்விடுகிறாள்.

ராபின் என்பது நம் ஊர்க் குருவியா? (ஒரு சிறுவன்)

இல்லை. நம் கருஞ்சிட்டுக்கும் ஆங்கிலத்தில் இந்தியன் ராபின் என்று பெயர். ஆனால் இது வேறு. இங்கிலாந்து ராபினுக்கு நெஞ்சு செம்மஞ்சளாக இருக்கும். தோட்டத்தில் மண்ணைக் கிளறினால் காலருகே வந்து நிற்கும். பாசம் என்று நினைத்துவிடாதே, புழு பொறுக்கத்தான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பர்னெட் குடியிருந்த வீட்டின் சுவர் சூழ்ந்த தோட்டத்தில் அவரிடம் ஒரு ராபின் நன்றாகப் பழகியிருந்தது. கதைக்குள் வந்தது அதுதான்.