65 நெருங்குகிறது, மெடிகேரில் எதை எடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் மார்ச்சில் எனக்கு 65 முடிகிறது, அதே மாதம் ஓய்வு. பிரீமியமே இல்லாத அட்வாண்டேஜ் பிளான் இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். மெடிகாப் பிளான் ஜி எடுக்கச் சொல்கிறார் நண்பர். வருடத்தில் ஐந்து மாதம் கோவையில் இருப்போம். எது சரி?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு. அதில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பார்ட் பி டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக்கு. மெடிகாப் என்பது மெடிகேர் உங்கள் தலையில் விடும் பங்கைக் கட்டும் தனியார் துணைக் காப்பீடு, பிளான் ஜி அதில் ஒரு வகை. அட்வாண்டேஜ் என்றால் மெடிகேர் பலன்களையே தனியார் கம்பெனி வழியாக வாங்குவது. எந்த வழியில் போனாலும் பார்ட் பி பிரீமியம் கட்டியே ஆக வேண்டும். 2026இல் அது மாதம் 202.90 டாலர். இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். 2026க்கு வரம்பு தனிநபருக்கு 109,000, சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 218,000 டாலர். சம்பளம் வாங்கிய வருடத்தைப் பார்த்து உங்களுக்கும் கூட்டியிருந்தால், ஓய்வுபெற்றதைக் காட்டி சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுங்கள், குறைப்பார்கள். பலர் இதைக் கேட்காமலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி 2026க்கான ஒரு கணக்கு. பார்ட் பியின் கீழ் வரும் சிகிச்சைக்கு மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகை 60,000 டாலர் என்று வையுங்கள். வெறும் மெடிகேர் மட்டும் இருந்தால் டிடக்டிபிள் (முதலில் நீங்களே கட்டும் தொகை) 283 டாலர், மீதியில் 20 சதவீதம், ஆக உங்கள் பங்கு சுமார் 12,200. அதற்கு உச்சவரம்பும் கிடையாது. பிளான் ஜி இருந்தால் அந்த 283 டாலரோடு முடிந்தது. அட்வாண்டேஜில் நெட்வொர்க்குக்குள் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளில்) வருடத்துக்கு அதிகபட்சம் 9,250 டாலர் வரை உங்கள் கையிலிருந்து போகலாம். பல பிளான்களில் இந்த வரம்பு இதைவிடக் குறைவு. ஆனால் டாக்டர் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், ஸ்கேன், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்பார்கள். பல், கண்ணாடி, ஜிம் எல்லாம் சேர்த்துத் தருவது உண்மைதான். அந்தப் பல் பலனுக்கு வருடத்துக்கு எவ்வளவு வரம்பு என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் முடிவை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது காலக்கெடு. 65 வயதில் பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம், எந்த நோய் இருந்தாலும் மெடிகாப் கம்பெனி உங்களை மறுக்கவோ கூடுதல் கேட்கவோ முடியாது. மார்ச் 1 தொடங்கினால் ஆகஸ்ட் 31 வரை. அதற்குப் பிறகு உங்கள் மாநிலம் உட்படப் பெரும்பாலான இடங்களில் உடல்நிலையை விசாரிப்பார்கள். சர்க்கரை, ஸ்டென்ட் என்றால் கதவு மூடலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஜியிலிருந்து அட்வாண்டேஜுக்கு அக்டோபர் 15 – டிசம்பர் 7இல் சுலபமாக மாறலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். 65இல் முதன்முதலாக அட்வாண்டேஜில் சேர்ந்தவருக்கு 12 மாதத்துக்குள் வெளியே வந்து மெடிகாப் வாங்கும் உரிமை உண்டு. அந்த ஒரு வருடம்தான் தப்பிக்கும் வழி.

கோவை விஷயம்: இந்தியாவில் மெடிகேர் பைசா தராது. பிளான் ஜி, பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசர சிகிச்சைக்கு மட்டும், 250 டாலர் போக 80 சதவீதம் தரும். ஆயுள் முழுக்க 50,000 டாலர்தான். மீதி மூன்று மாதத்துக்குப் பயணக் காப்பீடோ இந்திய மெடிக்ளைமோ வேண்டும். அட்வாண்டேஜ் என்றால் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவரைப் பொதுவாகப் பிளானிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஐந்து மாதத்துக்குப் போனவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஏழு மாதம் தங்க நேர்ந்தால் சிக்கல்தான்.

பணம் இடம் கொடுத்தால் ஜி எடுங்கள். ஜி என்றால் எந்தக் கம்பெனி விற்றாலும் அடிப்படைப் பலன் ஒன்றே. விலையையும், கடந்த வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். மருந்துக்குப் பார்ட் டி தனியாக வாங்க வேண்டும். 2026இல் அதில் வரும் மருந்துக்கு உங்கள் செலவு 2,100 டாலரோடு நிற்கும். மார்ச் 1 தொடங்க டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: 67 வயதில் ஓய்வு பெறுகிறேன். கம்பெனி 18 மாதம் கோப்ரா (வேலை விட்ட பிறகும் கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடர்வது) தருகிறது. பார்ட் பியை அதன் பிறகு எடுக்கலாமா?
– வாசகர், டல்லாஸ்

பதில்: கூடாது. வேலையில் இருந்தபோது இருந்த காப்பீடுதான் கணக்கு, கோப்ரா அதில் சேராது. வேலை நின்றதிலிருந்து எட்டு மாதத்துக்குள் சிஎம்எஸ்-40பி படிவத்தையும், முதலாளி கையெழுத்திட்ட சிஎம்எஸ்-எல்564ஐயும் சோஷியல் செக்யூரிட்டியில் கொடுங்கள். தவறினால் அடுத்த ஜனவரி–மார்ச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முழு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீதம் அபராதம், ஆயுள் முழுக்க. எச்எஸ்ஏவில் (வரிச் சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணம் போடுபவராக இருந்தால் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே நிறுத்துங்கள். பார்ட் ஏ பின்தேதியிட்டுத் தொடங்கும், போட்ட பணத்துக்கு வரிச் சிக்கல் வரும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் ஆகிறது. மெடிகேர் கிடைக்குமா?
– வாசகி, சான் ஹோசே

பதில்: தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்திருந்தால் விலைக்கு வாங்கலாம். நீங்கள் இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும் அது அம்மாவின் கணக்கில் சேராது. இங்கே வேலையே செய்யாதவருக்கு பார்ட் ஏ 2026இல் மாதம் 565 டாலர், அதன் மேல் பார்ட் பி 202.90. பார்ட் பி மட்டும் தனியாகவும் எடுக்கலாம். ஆனால் மெடிகாப், அட்வாண்டேஜ் இரண்டுக்கும் ஏ, பி இரண்டும் வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் மாநிலத்து ஷிப் (மெடிகேர் ஆலோசனைத் திட்டம்) இலவச ஆலோசகரிடம், மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியாவில் அம்மாவுக்கு என்ன விலை வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.