பக்கவாத ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் செத்த மூளையா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தவுடன் எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் பாதிப்பு தெரிந்தது. எதை நம்புவது?

இரண்டும் சரிதான். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான் முதலில் சி.டி. எடுக்கிறார்கள். அடைப்பால் வரும் பக்கவாதம் முதல் சில மணி நேரத்தில் அதில் பெரும்பாலும் பிடிபடாது. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற வகை பார்ப்பது தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவை. ரத்தம் தடைபட்டால் செல்லின் சோடியம் பம்ப் ஓய்ந்துவிடும், தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கும், அசைவு குறையும். அந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மைக்கேல் மோஸ்லி குழு 1990-ல் பூனைகளிடம் இதை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கண்டது.

அப்படியானால் வெள்ளையாகத் தெரிந்த இடம் முழுக்கச் செத்துவிட்டதா?

இல்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. குடும்பங்கள் நம்பிக்கை இழப்பதும் இங்கேதான். அசைவு குறைந்திருக்கிறது என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. அடைப்பைச் சீக்கிரம் நீக்கினால் அதில் ஒரு பகுதி மீள்வதுண்டு.

எந்தப் பகுதி மீளும்? அதற்காகத்தான் கர்ட்டோசிஸ் என்ற முறையை ஆராய்கிறார்கள். 2005-ல் ஜென்ஸன் குழு முன்வைத்தது. சாதாரண கணக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே விதமாகப் பரவுவதாக எடுத்துக்கொள்கிறது. கர்ட்டோசிஸ், செல் சவ்வுகளும் நரம்பிழைகளும் அந்தப் பரவலை எவ்வளவு குலைக்கின்றன என்றும் அளக்கிறது. ரத்த ஓட்டம் தடைபட்ட நரம்பிழைகள் மணிமாலைபோல் இடையிடையே உப்பும். அதற்கு இந்த அளவு நன்றாக எதிர்வினை காட்டும். எலிகளிடம் ரத்த ஓட்டத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, டிஃப்யூஷனில் மட்டும் மாறியிருந்த திசு பெருமளவு மீண்டது; கர்ட்டோசிஸிலும் மாறியிருந்த திசு பெரும்பாலும் மீளவில்லை. ஆனால் இதை வைத்து நோயாளிக்குச் சிகிச்சை முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. அதனால் கூடுதல் பணம் கட்டி இந்த ஸ்கேனைத் தேடிப் போக வேண்டாம்.

தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தது. எப்போது வந்தது என்றே தெரியாதே?

டிஃப்யூஷனில் தெரிந்து, ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால், வந்து சுமார் நாலரை மணி நேரத்துக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பலன் தந்ததை வேக்-அப் ஆய்வு 2018-ல் காட்டியது. எழுந்ததும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கை திரும்ப அசையுமா என்று டென்சர் ஸ்கேன் சொல்லிவிடுமா?

டென்சர் என்பதும் ஒரு டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. வகைதான். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்புப் பாதை எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று காட்டும். ஆனால் ஆக்லாந்தின் கேத்தி ஸ்டினியர் குழு 2017-ல் வெளியிட்ட முன்கணிப்பு முறையில் எம்.ஆர்.ஐ.யே தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் தோளைத் தூக்குகிறாரா, விரலை நீட்டுகிறாரா என்ற பரிசோதனையிலிருந்தே அது தொடங்குகிறது. அதை உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடமே கேளுங்கள்.