அரிசி டப்பாவுல இருக்கற அந்த நாலு வரி

கேள்வி: அக்கா, நான் பி.காம் மூணாவது வருஷம். ஜர்னலிசம் படிக்கணும்னு ரொம்ப ஆசை. போன மாசம் ஒரு இன்டர்வியூவுல 'ஏன் இந்த வேலைக்கு வர்றே'ன்னு கேட்டாங்க, 'சமூகத்துக்கு சேவை செய்ய'ன்னு சொன்னேன், அந்த சார் நிமிர்ந்துகூட பாக்கல. எங்க ஊர்ல தண்ணி டேங்க் மோட்டார் ஆறு மாசமா ரிப்பேர், அம்மா பக்கத்து ஊருக்கு நடந்து போய் குடத்துல தூக்கிட்டு வந்தாங்க, மனு கொடுத்து கொடுத்து சலிச்சுப்போச்சு, ஒருநாள் பேப்பர்ல ஒரு மூலையில நாலு வரி வந்துச்சு, மறுநாள் காலையிலயே ஜீப்புல ஆளுங்க வந்துட்டாங்க. அந்த துண்டு பேப்பரை அம்மா இன்னும் அரிசி டப்பாக்குள்ள வச்சிருக்காங்க. எனக்கு ஆசை வந்ததே அதுலதான், ஆனா இதையெல்லாம் இன்டர்வியூவுல சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அப்பா வேற பேங்க் எக்ஸாம் எழுதுங்கறாரு.
- வாசகி, மன்னார்குடி

பதில்: அடுத்த தடவை இதையே சொல்லும்மா, இந்த அரிசி டப்பாவோட சேர்த்து. சேவைங்கற வார்த்தையை எல்லாரும் சொல்லுவாங்க, அம்மாவோட குடம் உன்கிட்ட மட்டும்தான் இருக்கு.

பெரிய பேப்பருங்க ஆரம்பிச்ச கதையும் இப்படித்தான். மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு முதல் இந்திய ஜட்ஜா முத்துசாமி ஐயரைப் போட்டப்ப வெள்ளைக்காரங்க பேப்பருங்க மட்டமா எழுதுச்சுங்க, அந்தக் கோவத்துல ஆறு இளவட்டப் பசங்க, ரெண்டு பேர் வாத்தியார் நாலு பேர் லா படிக்கறவங்க, ஒண்ணே முக்கால் ரூபா கடன் வாங்கி 80 காப்பி அடிச்சாங்க, 1878ல தி இந்து வந்தது அப்படித்தான். அதுல ஒருத்தரான ஜி.சுப்பிரமணிய ஐயர் நாலு வருஷம் கழிச்சு தமிழ்லயே சுதேசமித்திரன் ஆரம்பிச்சார், 1904ல பாரதி வேலைக்குச் சேர்ந்தது அங்கதான்.

ஆனா கோவம் மட்டும் பத்தாதும்மா. டிவியில முகம் தெரியணும், விஐபி கூட செல்ஃபி எடுக்கணும்னு வர்ற பசங்களை நான் நிறைய பார்த்திருக்கேன், தாலுகா ஆபீஸ் பெஞ்சுல மூணு மணி நேரம் உக்கார வேண்டி வந்ததும் முக்கால்வாசிப் பேர் காணாம போயிடுவாங்க. உனக்கு அது ஒத்துவருமான்னு இப்பவே பாரு. 10 ரூபா கட்டி ஒரு ஆர்டிஐ மனு, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்கற மனு, போடு, அந்த மோட்டாருக்கு எவ்வளவு செலவாச்சு, ஏன் ஆறு மாசம் ஆச்சுன்னு கேளு. 30 நாளுக்குள்ள பதில் தரணும், தரலைன்னா அப்பீல் போடு. அந்த 30 நாள் உனக்கு போரடிச்சதா, இல்ல தூக்கம் வராம துடிச்சியான்னு உனக்கே தெரிஞ்சிடும்.

அப்பா சொல்றதைத் தப்பா எடுத்துக்காத, ஆரம்பத்துல சம்பளம் நிஜமாவே கம்மிதான், பேங்க் எக்ஸாமையும் எழுதி வை.

இன்னொண்ணு. அந்த நாலு வரியில எழுதினவர் பேர் இருக்காதுன்னு நினைக்கிறேன். பேப்பர் ஏஜென்ட்கிட்ட விசாரிச்சு அந்த உள்ளூர் நிருபரைக் கண்டுபிடி, எப்படி விஷயம் கிடைச்சுது, யாருக்கு போன் போட்டார்னு கேளு. முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டுப் போ.