ஈலை மேனிங்: எந்தக் கோப்பையைச் சாட்சிக்கு அழைப்பது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறேன். விளையாட்டைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன் என்பதால் இதைக் கேட்கத் துணிகிறேன். எங்கள் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் பல மாதங்களாக ஒரே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் பந்தெறியும் குவாட்டர்பேக்காக இருந்த ஈலை மேனிங், அந்த ஆட்டத்தின் மகத்தான வீரர்களைக் கௌரவிக்கும், ஓஹாயோவின் கேன்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியானவரா என்பதுதான் வழக்கு. இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மூத்த ஊழியர் ஒருவர், பேட்ரியாட்ஸ் அணியின் டாம் பிராடியை, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் இரண்டு முறை வீழ்த்தியவருக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்கிறார். பாஸ்டனிலிருந்து வந்தவரோ, 117 வெற்றி, 117 தோல்வி என்று சரிபாதியில் முடிந்த ஒருவருக்கு அங்கே வெண்கலச் சிலை எதற்கு என்று கேட்கிறார். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2004-ல் தன்னை எடுத்த சான் டியகோ சார்ஜர்ஸுக்கு ஆட மறுத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவருக்குப் பதிலாக அங்கே போன பிலிப் ரிவர்ஸ்தான் உண்மையில் சிறந்தவர் என்று சொல்லும் மூன்றாவது தரப்பும் உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு எல்லோர் சொல்வதும் சரியென்றே படுகிறது. தங்கள் கருத்தை அறிய ஆவல்.

ச.
எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள ச.,

உங்கள் மூத்த நண்பரும் பாஸ்டன் நண்பரும் எதிரெதிராக நிற்பதாகத் தோன்றினாலும், இருவரும் புரட்டுவது ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான். அணியின் வெற்றி தோல்விகளைக் குவாட்டர்பேக்கின் பெயரில் எழுதி வைப்பது அமெரிக்கக் கால்பந்தில் நெடுநாள் பழக்கம். கிரிக்கெட்டில் அணித்தலைவருக்கு எழுதும் கணக்கை அங்கே பந்தை எறிபவருக்கு எழுதுகிறார்கள். ஆனால் அணித்தலைவராவது பந்துவீச்சாளரை மாற்றுவார், களத்தடுப்பை அமைப்பார். குவாட்டர்பேக்கோ எதிரணியிடம் பந்து இருக்கும் நேரம் முழுவதும் எல்லைக்கோட்டுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பவர். அந்நேரத்தில் தன் அணியின் தடுப்பாட்டம் எத்தனை புள்ளிகளை வாரி விட்டாலும் தோல்வி அவர் பெயரில்தான் விழும். ஈலையின் தந்தை ஆர்ச்சி மேனிங்கின் கணக்கு 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன். 1970-களின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் அகப்பட்டுக்கொண்டவர் அவர். அங்கே அவர் ஆடிய எந்த ஆண்டிலும் வெற்றிகள் தோல்விகளைத் தாண்டியதில்லை. இருந்தும் அந்த எண்ணைக் காட்டி அவரை மட்டமான ஆட்டக்காரர் என்று சொல்ல விவரமறிந்த எவரும் முன்வருவதில்லை. தந்தைக்குப் பொருந்தாத கணக்கு மகனுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

இதே கேள்வியை மறுதரப்பிடமும் கேட்டாக வேண்டும். 117 தோல்விகள் அணியுடையவை, இரண்டு கோப்பைகள் மட்டும் ஈலையுடையவை என்று பாகம் பிரிப்பது நியாயமாகாது. எனவே இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய கையிலிருந்து புறப்பட்டவற்றை மட்டும் பார்ப்போம்.

2004 முதல் 2019 வரை பதினாறு பருவங்களில் அவர் எறிந்து ஈட்டியது 57,023 யார்டு, 366 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). எதிரணியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது, அதாவது இன்டர்செப்ஷன், 244 பந்துகள். முதல் இரண்டும் பெரிய எண்கள், மூன்றாவதும் பெரிய எண் என்பதுதான் சிக்கல். 2007, 2010, 2013 ஆகிய மூன்று பருவங்களில் லீக்கிலேயே மிக அதிகமான இன்டர்செப்ஷன்களைக் கொடுத்தவர்களின் வரிசையில் முதலிடத்தில் அவர் இருந்தார். 2013-ல் மட்டும் 27. பந்தெறிதலை ஒட்டுமொத்தமாக அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் அவருடைய வாழ்நாள் எண் 84.1, அண்ணன் பெய்ட்டனுடையது 96.5. ஒவ்வொரு பருவத்தின் மிகச் சிறந்தவர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் ஆல்-ப்ரோ அணியில் அவர் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. தோற்றால் வெளியேற வேண்டிய, பருவ முடிவின் பிளே-ஆஃப் ஆட்டங்களில் அவருடைய அணி எட்டில் வென்று நான்கில் தோற்றது. அந்த எட்டு வெற்றிகளும் இரண்டே பருவங்களில் வந்தவை, மற்ற நான்கு முறையும் முதல் ஆட்டத்தோடு வீடு திரும்பினார்கள். பாஸ்டன்காரர் பேட்ரியாட்ஸ் அபிமானியாக இருந்து வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் ஈலையின் தரப்பில் என்ன இருக்கிறது? அவருடைய அபிமானிகள் வழக்கமாகச் சாட்சிக்கு அழைப்பது 2008 பிப்ரவரி 3 அன்று அரிசோனாவின் கிளென்டேலில் நடந்த சூப்பர் பௌலை. அதுவரை 18 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத பேட்ரியாட்ஸ் அணியை ஜயன்ட்ஸ் 17-14 என்று வென்றது. ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம் இருக்கையில் மூன்றாவது டவுனில், அதாவது நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், பந்தைத் தக்கவைக்க 5 யார்டு தேவைப்பட்டது. இரண்டு பேட்ரியாட்ஸ் வீரர்கள் ஈலையின் சட்டையைப் பிடித்து இழுக்க, அவர் எப்படியோ திமிறி வெளியே வந்து களத்தின் நடுவே பந்தை உயரமாக எறிந்தார். அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் மொத்தமே நான்கு பந்துகளைப் பிடித்திருந்த டேவிட் டைரீ எகிறி, ஒரு கையால் பந்தைத் தன் ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்தபடி, ராட்னி ஹாரிசன் பிடுங்கப் பிடுங்க விடாமல் தரையில் விழுந்தார். 32 யார்டு கிடைத்தது. சற்று நேரத்தில் பிளாக்சிகோ பர்ரெஸ்ஸுக்கு எறிந்த டச்டவுனில் ஆட்டம் முடிந்தது.

அமெரிக்கக் கால்பந்தை அறிந்த அனைவரும் இந்தப் பந்தைப் பார்த்திருப்பார்கள். இதற்கு முந்தைய பந்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பேட்ரியாட்ஸ் அணியின் அசான்டே சாமுவேலின் விரல்களைத் தொட்டுக்கொண்டு வெளியே போனது. அவர் இன்னும் கொஞ்சம் உயரம் தாண்டியிருந்தால் ஈலையின் கதை வேறு. மேலும், அந்தப் பருவத்தின் 16 ஆட்டங்களில் 589 புள்ளிகள் குவித்த அணியை 14 புள்ளிகளில் கட்டிப்போட்டது ஜயன்ட்ஸின் தடுப்பாட்டம். பிராடியை ஐந்து முறை தரையில் வீழ்த்தினார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருது ஈலைக்குக் கொடுக்கப்பட்டது. தடுப்பு வரிசையில் நின்ற ஜஸ்டின் டக்குக்குக் கொடுத்திருந்தாலும் நான் வியந்திருக்க மாட்டேன். அந்த பிளே-ஆஃப் பயணத்தில் ஈலை நிதானம் தவறாமல் ஆடினார், நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு இன்டர்செப்ஷன் மட்டுமே கொடுத்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கோப்பையை அவர் வாங்கித் தந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இரண்டாவது கோப்பையைப் பற்றி அப்படிச் சொல்லமுடியும் என்பதே என் கட்சி.

2011 ஆகஸ்டில் ஒரு வானொலி நிகழ்ச்சியில், நீங்கள் பிராடியின் வரிசையில் வைக்கத்தக்கவரா என்று கேட்கப்பட்டபோது ஈலை ஆம் என்றார். முந்தைய பருவத்தில் 25 இன்டர்செப்ஷன் கொடுத்தவர் இப்படிச் சொன்னதும் ஊர் சிரித்தது. பிறகு தொடங்கிய பருவத்தில் அவருக்கு வாய்த்த அணியைப் பாருங்கள். பந்தைச் சுமந்து ஓடி ஈட்டும் யார்டுகளில் ஜயன்ட்ஸ் லீக்கின் 32 அணிகளில் 32-வது இடம். எடுத்த புள்ளிகள் 394, கொடுத்தவை 400. வழக்கமான பருவத்தில் எடுத்ததைவிட அதிகம் கொடுத்துவிட்டுச் சூப்பர் பௌலை வென்ற முதல் அணி அதுதான். 6-2 என்று நன்றாகத் தொடங்கி, தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்று 6-6-க்கு இறங்கியிருந்தார்கள். அடுத்து டாலஸில் நடந்த ஆட்டத்தில் ஆறு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் 12 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள்; ஈலை அங்கிருந்து இரண்டு டச்டவுன்களுக்கு அணியை நடத்திச் சென்று 37-34 என்று முடித்தார். அந்த ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தால் பிளே-ஆஃப் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்தது 4,933 யார்டு. நான்காவது கால்பகுதியில் மட்டும் 15 டச்டவுன்கள். அதுவரை ஒரு பருவத்தில் எவரும் எட்டாத எண். அவருடைய பந்துகளை அதிகம் பிடித்தவர், டிராஃப்டில் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாத, உங்கள் மாநிலத்தின் பேட்டர்சனில் பிறந்த விக்டர் குரூஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளே-ஆஃபில் 15-1 என்று வந்த கிரீன் பே அணியை அதன் சொந்தக் களத்திலேயே 37-20 என்று வென்ற பிறகு, 2012 ஜனவரி 22 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஆட்டம். மழை. ஓட்டம் எடுபடாததால் ஈலை 58 முறை பந்தை எறிய வேண்டியிருந்தது. ஆறு முறை வீழ்த்தப்பட்டார். எறிந்த பிறகு வாங்கிய அடிகள் தனி. ஒவ்வொரு முறையும் சேறு படிந்த சட்டையோடு எழுந்து அடுத்த முயற்சிக்கு நின்றார். ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. எதிரணியின் குவாட்டர்பேக்கை ஜயன்ட்ஸின் தடுப்பாட்டம் நன்றாகவே கட்டுப்படுத்தியது, உதைத்து அனுப்பிய பந்துகளை (பண்ட்) தவறவிட்ட எதிரணியின் கைல் வில்லியம்ஸும் ஜயன்ட்ஸுக்கு உதவினார், மறுக்கவில்லை. ஆயினும் கவனக்குறைவானவர் என்று பெயரெடுத்த ஒருவர், அத்தனை அடிக்கு நடுவே, ஈரப் பந்தை 58 முறை எறிந்து ஒன்றைக்கூடத் தவறான கையில் கொடுக்காமல் 20-17 என்று முடித்தார் என்றால், அதை வேறு யாருடைய கணக்கிலும் எழுத முடியாது.

இரண்டு வாரம் கழித்து இண்டியானபோலிஸில் சூப்பர் பௌல், மறுபடி பேட்ரியாட்ஸ். நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் 15-17 என்று பின்தங்கி, தன் அணியின் 12 யார்டு கோட்டிலிருந்து தொடங்கினார். முதல் பந்தே இடது எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிய மாரியோ மேனிங்ஹாமுக்கு, 38 யார்டு. இரண்டு தடுப்பாளர்கள் நெருங்கிவர, அவருடைய தோளுக்கு மேலாக இறங்கிய பந்தைப் பிடித்து இரண்டு பாதங்களையும் கோட்டுக்கு உள்ளே ஊன்ற மட்டுமே இடமிருந்தது. ஹெல்மெட்டில் ஒட்டிய பந்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று வாதிடலாம்; இதில் வாதிட ஒன்றுமில்லை, எறிந்தவர் குறிவைத்த இடத்துக்கே பந்து போனது.

ரிவர்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2004-ல் சார்ஜர்ஸ் முதல் தேர்வாக ஈலையை எடுத்தது. அவர் ஆட மறுத்ததால் ஜயன்ட்ஸ் தேர்ந்தெடுத்திருந்த ரிவர்ஸையும் மேலும் சில டிராஃப்ட் வாய்ப்புகளையும் பெற்றுக்கொண்டு அவரை விட்டுக்கொடுத்தது. அந்த மறுப்பு எனக்கும் உவப்பானதில்லை. ஆனால் களத்தில் நடந்ததை மட்டுமே கருத வேண்டும் என்பது ஹால் ஆஃப் ஃபேமின் விதி என்பதால் இந்த வழக்கில் அது செல்லாது. பருவம் பருவமாக ஒப்பிட்டால் ரிவர்ஸே சீரானவர் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 2008 ஜனவரி 20 அன்று, முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில் அவர் பேட்ரியாட்ஸை எதிர்த்து ஆடி 21-12 என்று தோற்றார். அதே நாளில் உறைபனிக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் ஈலை கிரீன் பேயை வென்றார். ரிவர்ஸும் அன்று வென்றிருந்தால், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளப்பட்ட இருவரும் சூப்பர் பௌலில் எதிரெதிரே நின்றிருப்பார்கள். ரிவர்ஸுக்கு அந்த மேடை வாய்க்கவே இல்லை என்பதற்காக அவரைக் குறைத்துப் பேசுவதும், ஈலைக்கு வாய்த்தது என்பதற்காக அதைத் தள்ளுபடி செய்வதும் ஒரே வகைப் பிழை.

முன்னுதாரணங்கள் இரு பக்கமும் உண்டு. நியூயார்க்கின் மற்றொரு அணியான ஜெட்ஸின் ஜோ நேமத் 173 டச்டவுன்களுக்கு 220 இன்டர்செப்ஷன் கொடுத்தவர். 1969 ஜனவரியில் வென்ற ஒரே சூப்பர் பௌலின் வலுவில்தான் பெரும்பாலும் 1985-ல் உள்ளே போனார். ரெய்டர்ஸுக்கு இரண்டு கோப்பைகள் வென்ற ஜிம் பிளங்கெட்டின் கணக்கு 72 வெற்றி, 72 தோல்வி. அவருக்குக் கதவு திறக்கவில்லை. இருவருக்குமே 2011-ஐப் போன்றதொரு பருவம் அமையவில்லை என்பதே என் எண்ணம், 1967-ல் நேமத் 4,007 யார்டு எறிந்ததை மறக்காமல்தான் சொல்கிறேன்.

தொடர்ந்து 210 ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக நின்றதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2017-ல் அணி சரிந்து கிடந்தபோது, தொடக்கத்தில் இறங்கி ஆட்டத்தின் நடுவில் ஒதுங்கிக்கொண்டால் தொடர்ச்சி அறுபடாது என்று சொல்லப்பட்டது. பேருக்கு நிற்க விரும்பவில்லை என்று ஈலை விலகிக்கொண்டார்.

தகுதி பெற்ற முதல் ஆண்டான 2025-ல் அவர் இறுதிப் பட்டியல் வரை வந்து தேர்வாகவில்லை. ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டிய அந்தத் தேர்வில் இது எதிர்பார்க்கக்கூடியதே. 2011 பருவத்தையும், நிதானமிழக்காத இரண்டு பிளே-ஆஃப் பயணங்களையும் கொண்டு அவர் உள்ளே போகத் தகுதியானவர் என்றே நான் கருதுகிறேன். முதல் ஆண்டிலேயே போகுமளவு மற்ற பருவங்கள் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சீராக உச்சத்தில் ஆடிய ஒருவர் வரிசையில் பக்கத்தில் நிற்கும்போது, அவரை முன்னே அனுப்பிவிட்டு ஈலையைக் காக்க வைப்பதில் அநீதி ஏதும் எனக்குத் தெரியவில்லை. 117-117 என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அப்போது நானும் உங்கள் மூத்த நண்பரின் பக்கம் வந்து நிற்பேன்.

அன்புடன்.