வருகைப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து: வாசகர் கேள்வி – பதில்

(ஃபிரீமேசன் என்பது கல்தச்சர் மரபில் வந்த ஒரு சகோதரச் சங்கம்; அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். பதில் சொல்பவர் ஃபிரீமேசன் லாட்ஜ் ஒன்றில் 26 ஆண்டுகளாக உறுப்பினர். வாயில்காவலர், செயலாளர், தலைவர் பொறுப்புகளை வகித்தவர். இப்போது ஆல்மனர், அதாவது துன்பத்தில் இருக்கும் உறுப்பினர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கவனித்துக்கொள்பவர்.)

நான் லாட்ஜில் சேர்ந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. உறுப்பினர் ஏற வேண்டிய மூன்று படிகளும் முடிந்துவிட்டன. மாதாமாதம் போகிறேன், உட்கார்கிறேன், விருந்து சாப்பிட்டுத் திரும்புகிறேன். பெயருக்கு உறுப்பினராக இருப்பதுபோல் உறுத்துகிறது. ஏதாவது பதவி கேட்கட்டுமா?

கேளுங்கள், தவறே இல்லை. ஆனால் தலைவர் நாற்காலிக்குப் போகும் வரிசையில் முதல் படி எது என்று பார்த்துக் கேட்காதீர்கள். யாரும் விரும்பாத வேலை எது என்று விசாரித்து அதைக் கேளுங்கள். நான் கேட்டது டைலர் பொறுப்பு. கூட்டம் நடக்கும்போது மூடிய கதவுக்கு வெளியே, கையில் வாளோடு நிற்கும் வாயில்காவலர் அவர். உள்ளே நடக்கும் சடங்கு எதையும் பார்க்க முடியாது. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் அவர் மேசையில் இருக்கும் வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் உள்ளே போவார்கள்.

அந்த மேசையில் 2 ஆண்டுகள் உட்கார்ந்தேன். நான் செய்த பெரிய பிழையும் அங்கேதான் நடந்தது. மூத்த சகோதரர் (உறுப்பினர்களை அப்படித்தான் சொல்வோம்) ஒருவர்; சடங்கின் நீண்ட உரைகள் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வழக்கமாக விருந்து முடிந்து கடைசியாகக் கிளம்புகிறவர், திடீரென்று கூட்டம் முடிந்ததுமே போக ஆரம்பித்தார். யார்மேலோ வருத்தம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பிறகு வருவதே நின்றுபோனது. 'வர இயலவில்லை' என்று அவர் அனுப்பும் ஒரு வரியை உள்ளே செயலாளர் வாசிப்பார். எல்லாரும் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். இப்படி 4 மாதங்கள்.

ஒருநாள் வேறு ஏதோ தேதிக்காகப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவருடைய கையெழுத்து மாதத்துக்கு மாதம் பெரிதாகி, கோட்டை விட்டுக் கீழே இறங்கி, கடைசி மாதத்தில் பக்கத்துப் பெயரின்மேல் ஏறியிருந்தது. எல்லாம் என் கண் முன்னால் போட்ட கையெழுத்துகள். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. இருட்டில் வண்டி ஓட்ட முடியவில்லை, யாரிடமும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவும் மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதற்கு 4 மாதம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அவரை வண்டியில் அழைத்து வந்தார். வழியெல்லாம் அவர் உரைகளைச் சொல்லச் சொல்ல, ஓட்டியபடியே இவர் திருப்பிச் சொல்வார். ஓராண்டில் அந்த இளைஞர் ஒரு முழு உரையையும் புத்தகம் பார்க்காமல் லாட்ஜில் சொன்னார். ஒரு சொல்லில் தடுமாறியபோது மூலையிலிருந்து அந்த மூத்தவர் மெல்ல எடுத்துக்கொடுத்தார். அந்த மாலையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: செயலாளரிடம் சொல்லி, கடந்த ஓராண்டு வருகைப் புத்தகத்தைப் பாருங்கள். யார் யார் பெயர் நின்றுபோயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆல்மனரிடம் தெரிவித்துவிட்டு இரண்டு பேருக்குப் போன் செய்யுங்கள். 'ஏன் வரவில்லை' என்று கேட்டுவிடாதீர்கள், அது பாக்கி வசூலிக்க வந்தவர் குரலாகத்தான் கேட்கும். உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேளுங்கள். இன்னொன்று, ஒரே ஒரு சிறிய உரையை எடுத்து மனப்பாடம் செய்யுங்கள். பார்வையாளராக உட்கார்ந்திருக்கும் உறுத்தல் பாதி அதிலேயே போய்விடும். கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போய் நாற்காலி போடவும் விரிப்பு விரிக்கவும் கைகொடுங்கள். லாட்ஜில் நான் பெற்ற நட்புகளில் பலவும் அந்த அரை மணியில் வந்தவைதான்.

'லாட்ஜ்' என்றால் எங்களுக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பெயர் எப்படி வந்தது?

ஐரோப்பாவில் தேவாலயங்கள் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்தை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். கல் செதுக்குவதும் கருவிகளை வைப்பதும் இளைப்பாறுவதும் அங்கேதான். அந்தக் கொட்டகைக்கு லாட்ஜ் என்று பெயர். தொழில் போய்ச் சங்கமாக மாறிய பிறகும் பெயர் நிலைத்துவிட்டது, கருவிகளும் நிலைத்துவிட்டன. தலைவர் கழுத்தில் தொங்குவது மூலைமட்டம். அவருக்கு அடுத்த இரு அலுவலர்களில் மூத்தவர் அணிவது மட்டம், இளையவர் அணிவது தூக்குக்குண்டு. ஒரு கொத்தனாருக்கு இந்த மூன்றின் பொருளை யாரும் விளக்கவே வேண்டாம்.

என் கணவர் சென்ற ஆண்டு லாட்ஜில் சேர்ந்தார். நல்ல மனிதர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் வாரத்தில் மூன்று மாலை 'லாட்ஜ் வேலை' என்று போய்விடுகிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருகிறார். கேட்டால் 'கடமை' என்கிறார். நான் என்ன சொல்வது?

அம்மா, உங்கள் பக்கம்தான் நியாயம். அதை நான் என் விருப்பத்துக்குச் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லித்தரப்பட்டதே அதுதான். முதல் படியில் புதியவருக்குக் காட்டப்படும் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். அது ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது. வழிபாட்டுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கும் இளைப்பாறலுக்கும் ஒரு பங்கு, துன்பத்தில் இருக்கும் சகோதரனுக்கு உதவ ஒரு பங்கு. அந்த உதவிக்கும் ஒரு வரம்பு உண்டு: தனக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் கேடு வராதபடி. இது பல காலமாக அச்சில் உள்ள விஷயம், நான் ரகசியம் எதையும் உடைக்கவில்லை. அவரிடம் அந்த அளவுகோலைப் பற்றிக் கேளுங்கள். சொல்லத் தொடங்கும்போதே அவருக்கு உறைக்கும்.

நடைமுறையாகவும் ஒன்று சொல்கிறேன். லாட்ஜின் முறையான கூட்டங்கள் ஆண்டுக்கு முன்கூட்டியே தேதி குறித்தவை, பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது. மற்ற மாலைகள் சடங்குப் பயிற்சிக்கோ வேறு லாட்ஜ்களுக்கு விருந்தினராகப் போவதற்கோ இருக்கும். முறையான கூட்டங்களுக்கு விட்டுக்கொடுங்கள். மற்ற மாலைகளை உங்களோடு பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் தலைவராக இருந்த ஆண்டில் என் மனைவி ஒன்றுமே பேசாமல் நாட்காட்டியில் நான் வீட்டில் இல்லாத மாலைகளைப் பென்சிலால் சுழித்து வைத்திருந்தார். மாதக் கடைசியில் எண்ணினேன், 11. அந்த வாரமே, நான் உறுப்பினராக இருந்த இரண்டாவது லாட்ஜிலிருந்து விலகினேன். அங்கே ஒருவர் மனத்தாங்கல் கொண்டார். இன்றும் அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சேர்ந்தால் தொழிலுக்குத் தொடர்புகள் கிடைக்கும் என்கிறார்களே?

அந்த எண்ணத்தோடு சேராதீர்கள். ஆதாய நோக்கம் இல்லாமல் வருகிறேன் என்று சேர்கிற அன்றே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொய்யோடு தொடங்கிய உறவு நிலைக்காது. கைக்குள் விசிட்டிங் கார்டு வைத்துக்கொண்டு வந்தவர்கள் இரண்டாவது ஆண்டில் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே மதமும் அரசியலும் பேசக்கூடாதாமே? பிறகு என்னதான் பேசுவீர்கள்?

1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்து வெளியிட்ட ஃபிரீமேசன் விதிமுறை நூலிலேயே அந்தத் தடை இருக்கிறது. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்திருந்த இங்கிலாந்தில், கட்சியும் சமயமும் மனிதர்களை எப்படிப் பிரிக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் போட்ட விதி. பேச எங்களுக்குப் பஞ்சமில்லை: யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் பிள்ளைக்குப் படிப்புச் செலவு, இறந்த உறுப்பினரின் மனைவியைப் போய்ப் பார்த்தது யார். வெளியே ஒருவரோடொருவர் பேசவே வாய்ப்பில்லாத கொள்கைக்காரர்கள் அருகருகே உட்கார்ந்து இதைப் பேசுகிறார்கள். என்னை இத்தனை ஆண்டுகள் பிடித்து வைத்திருப்பதும் இதுதான்.

பெண்கள் சேரலாமா?

லாட்ஜைப் பொறுத்தது. ஆண்கள் மட்டுமே உள்ளவை அதிகம். 1893இல் பாரிஸில் தொடங்கிய 'லெ துருவா யூமேன்' என்ற ஃபிரீமேசன் அமைப்பு இருபாலரையும் சேர்க்கிறது. அன்னி பெசன்ட் அம்மையார் 1902இல் சேர்ந்தது அதில்தான். பெண்களுக்கென்றே தனி அமைப்புகளும் உண்டு.

அப்பா இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பெட்டியில் வெள்ளைத் தோலில் நீல விளிம்பு வைத்த சிறிய ஏப்ரன் ஒன்றும், சுருட்டிய சான்றிதழும் கிடைத்தன. லாட்ஜைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. இதை என்ன செய்வது?

முதலில் ஏப்ரனை விரித்து வைத்துப் பாருங்கள்; கூட்டத்தில் இடுப்பில் கட்டும் அது, அவர் எந்தப் படியில் இருந்தார் என்று சொல்லும். இங்கிலாந்து முறையைப் பின்பற்றும் லாட்ஜ்களில் முதல் படிக்கு வெறும் வெள்ளை. இரண்டாம் படிக்குக் கீழே இரண்டு நீலப் பூக்கள். மூன்றாம் படிக்கு நீல விளிம்பு, மேல்மடிப்பில் மூன்றாவது பூ, இருபக்கமும் வெள்ளிச் சங்கிலிக் குஞ்சங்கள். ஒவ்வொரு குஞ்சத்திலும் 7 சங்கிலிகள் இருக்கும். நீல விளிம்பு என்கிறீர்கள், ஆகவே அவர் மூன்று படிகளும் முடித்து மாஸ்டர் மேசன் ஆனவர். பூக்கள் இருக்க வேண்டிய இடத்தில், தலைகீழாக நிற்கும் ஆங்கில 'T' எழுத்துப்போல வெள்ளி உலோகத் துண்டுகள் இருந்தால், அவர் தலைவராக இருந்தவர்.

தோல் வெடித்துவிடும், இறுக்கி மடிக்காதீர்கள். சான்றிதழில் அவருடைய லாட்ஜின் பெயரும் எண்ணும் இருக்கும். அந்த லாட்ஜின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஏப்ரனைத் திருப்பித்தர வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை, அது உங்கள் அப்பாவுடையது. நான் எழுதச் சொல்வது வேறு காரணத்துக்கு. அவர் சேர்ந்த நாள், அவர் வகித்த பொறுப்புகள், யார் யாரைப் போய்ப் பார்த்தார் என்பதெல்லாம் கூட்டக் குறிப்பேடுகளில் இருக்கக்கூடும். பழைய வருகைப் புத்தகங்களை அவர்கள் வைத்திருந்தால், ஒரு மாலை நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். அவருடைய கையெழுத்தை உங்களுக்கு அடையாளம் தெரியும்.