ரோட்டரி என்ஜினுக்கு எந்த பிளக், எந்த காயில்?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறேன், 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டுகிறேன். மேடு ஏறும்போது மிஸ் அடிக்கிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. பிளக் மாற்றப் போன இடத்தில், நான்குக்கும் 9-ம் நம்பர் பிளக்கே போடலாம், பவர் கூடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது ரோட்டரி என்ஜின்: பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். ரோட்டரியில் எரியும் அறை நீளமாக இருக்கும், எரியும்போதே நகர்ந்துகொண்டும் இருக்கும். ஒரே தீப்பொறி அது முழுக்கப் பரவ நேரம் போதாது, அதனால்தான் இரண்டு. லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி என்று கம்பெனியே பிரித்துக் கொடுத்திருக்கிறது. கடைசியில் உள்ள எல், டி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

என்ஜிகே கணக்கில் நம்பர் கூடக் கூட பிளக் சூட்டை வேகமாக வெளியே தள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிளக் முனை 450 டிகிரி செல்சியஸாவது தொட்டால்தான் அதில் படியும் கரி எரிந்து போகும். ரோட்டரியில் ரோட்டர் முனைகளை அடைக்கும் சீல்கள் தேயாமலிருக்க கொஞ்சம் ஆயில் உள்ளே போய் எரிந்துகொண்டே இருக்கிறது, ஆகவே கரிக்குக் குறைவில்லை. பூஸ்ட் ஏற்றிய டர்போ ஆர்எக்ஸ்-7-க்கு நான்கிலும் 9 போடுகிறார்கள், அங்கே சூடு அப்படி. டர்போ இல்லாத உங்கள் வண்டியில், சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் ஓட்டத்தில், லீடிங் பிளக் சீக்கிரமே கறுத்துவிடும்.

எனக்கு பிளக்கைவிட, அதற்குத் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் காயில் மேல்தான் சந்தேகம். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு பிளக் ஒரு தடவை அடிக்கும். ரோட்டரியில் சுற்றுக்கு ஒரு தடவை. 9000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 150 தீப்பொறி, அதற்குத் தகுந்தாற்போல காயிலும் சூடாகி ஓய்ந்துபோகிறது. டிரெய்லிங் காயில் போனால் வண்டி ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், பிக்கப் லேசாகக் குறைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஆனால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அது உருகி அடைத்துக்கொள்ளும், புகை போக வழியில்லாமல் என்ஜின் சூடேறி சீல்களைத் தின்றுவிடும். ஒரு காயிலுக்குப் போகிற காசை மிச்சம் பிடித்து என்ஜினையே இழக்காதீர்கள். நான்கு காயில், நான்கு வயர், நான்கு பிளக், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லீடிங்கும் டிரெய்லிங்கும் மாறினால் தீப்பொறி விழும் நேரமே மாறிப்போகும். அப்புறம், சூடான என்ஜினில் பிளக்கைத் திருகாதீர்கள், ஹவுசிங் அலுமினியம், மரை போய்விடும்.

கேள்வி: அமெரிக்க வி8 எல்எஸ் என்ஜினின் காயில்களை ஆர்எக்ஸ்-8-ல் போட்டால் நல்லது என்கிறார்களே?

பதில்: நல்ல காயில்கள்தான், தீப்பொறி பலமாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒவ்வொரு காயிலுக்கும் மின்சாரம் ஏற ஒரு நேரம் வேண்டும், டுவெல் என்பார்கள். அது குறைந்தால் பெரிய காயில் வாங்கியும் பயனில்லை. கூடினால் சில காயில்கள் வண்டியின் கம்ப்யூட்டர் (ஈசியூ) சொல்லும் முன்பே தானாகத் தீப்பொறி விட்டுவிடும், டர்போ வண்டியில் அது சீலை உடைக்கும். ஈசியூ டியூன் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், இல்லையென்றால் புது ஒரிஜினல் காயிலே போதும். பலமான காயில் போட்டால் குதிரைத்திறன் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மிஸ் அடிக்காமல் ஓடும், அதுதான் லாபம்.

கேள்வி: காலையில் ஆர்எக்ஸ்-8-ஐ ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்தி நிறுத்தினேன். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் போய்விட்டதா?

பதில்: பெட்ரோலில் நனைந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு பத்து நொடி செல்ஃப் அடியுங்கள்; அப்படி மிதித்தால் பெட்ரோல் வராது, காற்று மட்டும் போய் உள்ளே காயும். கிளம்பவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் என்ஜின் மெதுவாகத்தான் சுற்றும், அதையும் பார்த்துவிடுங்கள். இனி நகர்த்த மட்டும் ஸ்டார்ட் செய்தாலும் முள் சூட்டுக்கு வரும்வரை அணைக்காதீர்கள்.